செட்டில் ஆன கடன்

என் மகள் மாதாமாதம் அனுப்பிய ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாயைப் பதினான்கு மாதம் நான் பேங்கில் கட்டவில்லை. அவளுடைய இன்ஜினியரிங் படிப்புக்கு வாங்கிய கடனின் தவணை அது. கட்டிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதினால் காரணங்களெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். செய்த காரியம் சின்னதாகத் தெரியும்.

நான் படிக்காதவன் இல்லை. பொருளாதாரத்தில் எம்.ஏ. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழக அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு முந்தைய வருடம் மனைவி இறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனது போக மிஞ்சியது ஒத்தக்கடையில் ஒரு வீடும் பென்ஷனும். ஒரே மகள். சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

கடன் அவள் பெயரில் இருந்தது. மாணவிக்குத் தனியாகத் தரமாட்டார்கள் என்பதால் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது அவளுக்குச் சொந்தமாகப் போன்கூடக் கிடையாது. விண்ணப்பத்தில் எழுதிய நம்பரும் முகவரியும் என்னுடையவை. வேலைக்குச் சேர்ந்ததும், "அப்பா, நானே நேரா பேங்குல கட்டிர்றேன்" என்றாள். "உனக்கு எதுக்கும்மா அந்தத் தொந்தரவு? எனக்கு அனுப்பு, நான் பாத்துக்கிறேன்" என்றேன். உண்மையான காரணம் வேறு. பணம் அனுப்பிய அன்று அவள் போன் செய்வாள். "அனுப்பிட்டேன்ப்பா, வந்துருச்சான்னு பாருங்க" என்பாள். பிறகு என்ன சமைத்தீர்கள் என்று கேட்பாள். பத்து நிமிடம் பேசுவாள். மற்ற நாட்களில் நான்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பாள். அந்தப் பத்து நிமிடத்தை விட எனக்கு மனமில்லை.

இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினேன். அப்புறம் சமயநல்லூரில் இருக்கும் என் தங்கையின் மகள் வயதுக்கு வந்தாள். எங்கள் பக்கம் சடங்கு வீட்டில் தாய்மாமன் கொண்டுவரும் சீர்த்தட்டுகளை ஊரே நின்று எண்ணும். இதற்குச் செய்முறை என்று பெயர். ஒருவர் செய்ததைத் திருப்பிச் செய்யாவிட்டால் யாரும் நோட்டீஸ் அனுப்பமாட்டார்கள். பேச்சில் வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

தங்கை ஒரு காலை பஸ் ஏறி வந்தாள். "அண்ணே, எங் கொழுந்தன் மகளுக்கு அவுக தாய்மாமன் எழுவத்தஞ்சு தட்டு வச்சாரு. நீ எம்புட்டு முடியுமோ அம்புட்டு செய்யிண்ணே. நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமப் போறதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தே?"

"கேலி பண்ணாதண்ணே. அண்ணி இருந்திருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன். அவுகளே நூறு தட்டு வைக்கணும்னு சொல்லியிருப்பாக."

நூற்றியொரு தட்டு வைத்தேன். பட்டு, தங்கச் செயின், பழங்கள், மேளம், ஆளுயரத்துக்கு என் படம் போட்ட பிளக்ஸ் போர்டு. மனைவி போனபிறகு அன்று ஒரு நாள்தான் இத்தனை பேர் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். "மாமா, இங்கிட்டு வாங்க." "மாப்ள, போட்டோவுக்கு நில்லுங்க." அந்த ஒரு நாளுக்காகச் சமயநல்லூரிலேயே ஒருவரிடம் வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கியிருந்தேன்.

அந்த ஆள் மாதம் முதல் தேதி காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். பேங்கோ கடிதம் அனுப்பும். கடிதத்தை மேஜை டிராயரில் போட்டு மூடிவிடலாம். ஹாரனை அப்படிச் செய்ய முடியாது. மகள் அனுப்பியதை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் பேங்குக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதையேதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்துப் போன்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு முறையும் வேறு நம்பர். தெரியாத நம்பர் எதையும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிறகு ஆளே வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், சட்டையை இன் பண்ணித் தோளில் பை மாட்டியிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "சார்! படிப்பு லோன் வாங்குனவுக வீடு இதானே?" என்று கேட்டார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றேன்.

"மெதுவாத்தான் சார் ரெண்டு மாசமா போன்ல பேசுனோம். நீங்கதான் எடுக்கல."

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "பாப்பா சென்னையில பெரிய கம்பெனியில இருக்காகளாம்ல. அவுக ஆபீஸ் நம்பரக் குடுங்க சார். நாங்க அங்கிட்டுப் பேசிக்கிறோம். உங்களுக்கும் தொந்தரவு இல்ல பாருங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் அதன்பிறகு எல்லாமே செய்தேன். அவர் வருகிற நாட்கள் தெரிந்துபோயின. அந்த நாட்களில் முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வேன். ஃபேன் சத்தம் கேட்டுவிடும் என்று சித்திரை வெயிலிலும் போடமாட்டேன். டிவியைச் சத்தமில்லாமல் வைத்துச் செய்தி வாசிப்பவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை கதவைத் தட்டியது கேஸ் கொண்டுவந்தவர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்; அவர் போய்விட்டார். நான்கு நாள் டீக்கடைப் பன்னிலும் ஹோட்டல் இட்லியிலும் கழிந்தது.

டீக்கடைக்காரர் ஒருநாள், "அண்ணே, உங்களத் தேடி ஒரு ஆளு வந்தாரு. லோன் விசயமாம்ல" என்றார்.

"லோன் இல்லப்பா. இன்சூரன்ஸ் ஆளு."

"இன்சூரன்ஸ்காரன் வாரத்துக்கு மூணு தடவ வாரானா? அப்ப போற தேதி முடிவாயிருச்சாண்ணே?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் முதல் மேலூர் ரோட்டில் அரை கிலோமீட்டர் தள்ளி வேறு கடைக்குப் போனேன். அங்கே யாரும் என்னிடம் பேசுவதில்லை.

வசூலுக்கு வருகிறவரிடம் அடையாள அட்டையும் பேங்க் கொடுத்த அதிகாரக் கடிதமும் கேட்கலாம், அக்கம்பக்கத்தில் கடனைப் பற்றிச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது, மீறினால் பேங்கின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதலாம், எல்லாவற்றுக்கும் முதலில் மேனேஜரைப் பார்த்துத் தவணையைக் குறைத்து நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. முப்பது வருடம் அடுத்தவர் மனுக்களுக்குக் குறிப்பு எழுதியவன் நான். எனக்காக ஒரு மனு எழுதத் தோன்றவில்லை. எழுதினால் நடந்தது தாளில் வந்துவிடுமே.

தவணை நின்று ஒரு வருடம் ஆனபோது, பூட்டும் தந்திரம் அவருக்குத் தெரிந்துபோய், பின்வாசலுக்கே வந்துவிட்டார். அன்று அவர் குரல் மாறியிருந்தது. "சார், நீங்களும் மறைஞ்சு மறைஞ்சு அலுத்துட்டீங்க, நானும் வந்து வந்து அலுத்துட்டேன். மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். ஒரே தடவையாக் கட்டி செட்டில் பண்ணிருங்க. அபராதம், வட்டி போயிரும். அசலுலயும் கொஞ்சம் விடுவாக."

மொத்தம் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் நின்றது. மாட்டுத்தாவணியில் காய்கறி வாங்குவதுபோல் நான் பேரம் பேசினேன். ஒரு லட்சத்து எண்பதுக்கு வந்தார்கள். எனக்கு அன்று உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

"இனிமே என் மகளுக்கு ஒண்ணும் வராதே?" என்று கேட்டேன்.

"நாங்க யாரும் வர மாட்டோம் சார். நிம்மதியாக் காப்பி சாப்பிடுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி வேறு, அவர் பதில் சொன்ன கேள்வி வேறு.

மனைவியின் வளையல்களை விற்றேன். மகளுக்கென்று அவள் எடுத்துவைத்தவை. செட்டில்மென்ட் விண்ணப்பத்தில் கடன் வாங்கியவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். பொங்கலுக்கு வந்திருந்தவளிடம் தாளை நீட்டினேன். நான் கை வைத்த இடத்தில் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை.

"முடிஞ்சிருச்சாப்பா? இன்னும் ரெண்டு வருசம் இருக்கும்னு நெனச்சேன்."

"என்கிட்ட இருந்ததப் போட்டு மொத்தமா செட்டில் பண்ணிட்டேன்மா."

அவள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாலையில் டவுனுக்குப் போய் எனக்கு ஒரு சட்டை வாங்கிவந்தாள். போட்டுக்காட்டச் சொன்னாள். போட்டுக்காட்டினேன்.

செட்டில் என்ற சொல்லை நான் சந்தேகப்படவே இல்லை. நம் பேச்சில் அதைவிட நல்ல சொல் ஏது? பையன் துபாயில் செட்டில் ஆகிவிட்டான் என்கிறோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் செட்டில் பண்ணியாயிற்று என்கிறோம். மளிகைக்கடைப் பாக்கியைக் கொடுத்தால் கணக்கு செட்டில். பேங்கிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் ரேஷன் கார்டைப் போல லேமினேட் பண்ணி வைத்தேன்.

கடன் முடிந்ததும் மாதாந்திரப் போனும் நின்றது. நான் எதிர்பார்க்காத நஷ்டம் அது. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. உடன் வேலை பார்த்தவர், நல்ல மனிதர். வட்டிக்காரருக்கு மிச்சத்தைப் பென்ஷனிலிருந்து கொடுத்து முடித்தேன். மூன்று வருடம் இப்படி ஓடியது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். அவர்கள் கம்பெனிக்கு மதுரையிலும் ஆபீஸ் வந்திருக்கிறது, இரண்டு பேரும் மாற்றல் கேட்டிருக்கிறோம், ஒத்தக்கடையில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம் என்றாள். என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. "நடந்தே வந்துரலாம்ப்பா. சாயங்காலம் எங்க வீட்லயே சாப்பிட்டுக்கலாம்." போனை வைத்தபிறகு அந்தத் தெருவுக்குப் போய் வீட்டைப் பார்த்தேன். பால்கனியில் கிரில் போட்டிருந்தார்கள். என் கேட்டிலிருந்து அங்கே எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக் கடனுக்காக மூவரும் பேங்குக்குப் போனோம். நான் போகவேண்டிய அவசியமே இல்லை. சும்மா இருக்க முடியாமல் இஸ்திரி போட்ட சட்டையோடு கூடப் போனேன். அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண். இரண்டு பேருடைய கிரெடிட் ரிப்போர்ட்டையும் திறந்து பார்த்தவர், மகளைப் பார்த்து, "மேடம், உங்க ஸ்கோர் ரொம்பக் குறைவா இருக்கே. பழைய படிப்பு லோன் ஒண்ணு செட்டில்டுன்னு காட்டுது" என்றார்.

"அது முழுசாக் கட்டியாச்சே மேடம். மாசாமாசம் நாந்தான் கட்டுனேன்."

நான் குறுக்கே புகுந்தேன். "செட்டில்னா முடிஞ்சதுன்னுதானேம்மா அர்த்தம்? லெட்டர்கூட இருக்கு எங்கிட்ட."

அதிகாரி என்னை மரியாதையாகத்தான் பார்த்தார். "இல்ல சார். முழுசாக் கட்டியிருந்தா க்ளோஸ்டுன்னு வரும். செட்டில்டுன்னா, இவங்க முழுசாக் கட்டல, பேங்க் நட்டத்த ஏத்துக்கிட்டு விட்டுருச்சுன்னு அர்த்தம். அடுத்துக் கடன் குடுக்குறவங்க மொதல்ல இதத்தான் பாப்பாங்க."

கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். வரிசையாக மாதங்கள். பதினான்கு கட்டங்கள் மட்டும் சிவப்பாக இருந்தன. மகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மருமகன் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "தண்ணி குடிங்க மாமா" என்றார். வருடத்துக்கு ஒரு முறை இந்த ரிப்போர்ட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகன் ஏதோ வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். அவள் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"பதினாலு மாசப் பணம் எங்கப்பா போச்சு?"

சொன்னேன். தங்கை வீட்டுச் சடங்கு, வட்டிக்காரர், எல்லாவற்றையும்.

"அத்தை வீட்டுச் சீருக்கா?" என்றாள். "அன்னைக்கு நானும் ஒரு தட்டு தூக்கிட்டு நடந்தேனேப்பா. மாதுளம்பழத் தட்டு. கை வலிக்குதுன்னு உங்ககிட்டதானே சொன்னேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் அன்று முன்னால் மேளத்தோடு நடந்துகொண்டிருந்தேன்.

"அம்மா வளையலும் இதுலதான் போச்சா?"

"ஆமாம்மா."

"நீங்க கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

கொடுத்திருப்பாள். கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கூட அனுப்பியிருப்பாள். ஆனால் மகளிடம் கைநீட்டிய தாய்மாமனாக அந்தப் பந்தலில் நிற்க முடியாது என்று நினைத்தேன். அவளிடம் திருடுவது அதைவிட எளிதாக இருந்திருக்கிறது. இதை அன்று அவளிடம் சொல்லவில்லை. அவள் பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்கு முன் இறக்கி, எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

மருமகன் சம்பளத்துக்கு மட்டும் அந்த வீட்டுக்கான தொகை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே மேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. மாற்றல் விண்ணப்பத்தை இரண்டு பேரும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்துச் சென்னைக்கு வெளியே சின்ன ஃபிளாட் ஒன்று வாங்கினார்கள். கடனும் பத்திரமும் மருமகன் பெயரில் மட்டும். புதுமனைப் புகுவிழாவில் சம்பந்தியம்மா வந்தவர்களிடமெல்லாம், "எங்க பையன் வாங்குன வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தப்பாகச் சொல்லவில்லை. என் மகளின் சம்பளமும் அந்தத் தவணைக்குப் போகிறது. அவள் சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் கடந்து போனாள், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியதும் பழைய பேங்க் கிளைக்குப் போனேன். அன்று அவர்கள் விட்டுக்கொடுத்த தொண்ணூறாயிரத்தைக் கட்ட வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்தவருக்கு முதலில் புரியவில்லை.

"அது தள்ளுபடி ஆயிருச்சே சார். திரும்பக் கட்ட யாரும் வந்ததில்ல. இதுக்கு என்ன ஃபாரம்னே எனக்குத் தெரியல."

பின்னால் ஃபைல் கட்டிக்கொண்டிருந்த கடைநிலை ஊழியர், "சாரு காசிக்குப் போகாம இங்கிட்டு வந்திருக்காரு. வாங்கிப் போடுங்கண்ணே" என்றார்.

வெள்ளைத் தாளில் மனு எழுதினேன். யார் செய்த தவறு, எத்தனை மாதம், எதற்காக என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஸ்கூட்டரை விற்றதிலும் பென்ஷனில் பிடித்ததிலும் ஏழு மாதத்தில் கட்டி முடித்தேன். பாக்கி எதுவுமில்லை என்று சான்று கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை நடந்து, ரிப்போர்ட்டில் சொல்லை மாற்ற வைத்தேன். இப்போது க்ளோஸ்டு என்று இருக்கிறது. அந்தப் பதினான்கு சிவப்புக் கட்டங்கள் மட்டும் இன்னும் சில வருடம் இருக்கும் என்றார்கள். அவற்றை யாரும் அழிக்க முடியாதாம். உண்மையாகவே நடந்தவை என்பதால்.

மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பாத்தேன்ப்பா" என்று பதில் வந்தது.

அவள் என்னோடு சண்டை போட்டதில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். சாப்பாடு, மழை, வேலைக்காரம்மா வந்தாளா என்று பேசுகிறோம். போன மாதம் நெஞ்சு ஒரு மாதிரி அடைத்தது. டாக்டரிடம் போனேன். பயப்பட ஒன்றுமில்லை, வாயு என்றார். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு."



"ரிப்போர்ட்டப் போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா" என்றாள்.

நான்கு பக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் கட்டில்மேல் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பினேன். மூன்றாவது பக்கத்தில் என் நிழல் விழுந்திருக்கிறது, மறுபடி எடுங்கள் என்று எழுதியிருந்தாள். தள்ளி நின்று மறுபடி எடுத்தேன்.